சொல்பேச்சு கேட்காத விலங்கும் கோத்தகிரி ஈரமும்

வீடியோ விளையாட்டு ஒன்றில் 13 மணி நேரம் ஆடிச் சேர்த்த கதை, ஐப்பசி மழையில் மின்சாரம் மூன்று முறை கண்ணைச் சிமிட்டியதில் காணாமல் போனது. அதற்கு முன்பே சில வாரங்களையும் ஆயிரத்து ஐந்நூறு சொச்சத்தையும் என் அவசரத்தில் தொலைத்திருந்தேன். மலையில் தனியாக இருந்துகொண்டு, பழைய விளையாட்டுக் கருவி ஒன்றை வாங்கி, ஆசைப்பட்ட விளையாட்டை ஆடிப் பார்க்கலாம் என்று யாராவது நினைத்தால், எனக்கு யாரும் சொல்லாததை அவர்களுக்குச் சொல்லிவைக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் விருதுநகர்க்காரி. கோத்தகிரிக்குப் பக்கத்தில் அரவேணுவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். சமையலும் படுக்கையும் ஒரே அறையில். குளியலறை மட்டும் தனி. சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரப் பாட்டி, அவருடைய ஒரு பசு. இரவு ஏழு மணிக்கு மேல் இங்கே யாரும் தேவையில்லாமல் வெளியே போவதில்லை. கரடி வரும். கோயில் விளக்கில் இருக்கும் எண்ணெய்க்காகவே கதவை உடைக்கிற கரடிகள் எங்கள் பக்கத்தில் உண்டு. காட்டுமாடு தேயிலைச் செடிகளுக்கு நடுவில் கறுப்புப் பாறை மாதிரி நின்றுகொண்டிருக்கும். ஆக, மாலை ஆறரைக்குக் கதவைச் சாத்தினால் தூக்கம் வரும்வரை நான்கு மணி நேரம். முதல் வருடம் தொலைக்காட்சித் தொடர்களில் ஓடியது. இரண்டாம் வருடம் அழுகையில் கொஞ்சம் ஓடியது. மூன்றாம் வருடம்தான் இந்த யோசனை வந்தது.

பல வருடங்களுக்கு முன் மதுரையில் சித்தி மகன் வீட்டில் பத்து நிமிடம் பார்த்த காட்சி ஒன்று எனக்குள் தங்கிவிட்டிருந்தது. இடிந்த கோபுரம் ஒன்றின் ஓட்டை வழியாக, வீடளவு பெரிய விலங்கொன்று தலையை உள்ளே நுழைத்து, காணாமல் போன சிறுவனைத் தேடி முனகுகிறது. முகம் நாய்க்குட்டி மாதிரி, உடம்பெல்லாம் சிறகு, கால் பறவைக்கால். விளையாட்டின் பெயர் ‘தி லாஸ்ட் கார்டியன்’. ஜப்பானியர் ஃபுமிட்டோ உயேடா இயக்கியது. 2001-இல் ‘இகோ’வையும் 2005-இல் ‘ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்’ஸையும் உருவாக்கியவர் அவர்தான். இதை 2007 வாக்கில் தொடங்கி, 2009-இல் சோனியின் ப்ளேஸ்டேஷன் 3 (பிஎஸ்3) கருவிக்கென்று உலகத்துக்குக் காட்டி, கடைசியில் 2016 டிசம்பரில் பிஎஸ்4 கருவிக்கு வெளியிட்டார்கள். அவ்வளவு காலம் காக்கவைத்த விளையாட்டுக்காக நான் சில வாரம் காத்திருந்ததைப் பெரிய கொடுமையாகச் சொல்வது நியாயமில்லைதான். ஆனால் அது என் பணம்.

செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் போய், பழைய பொருள்கள் விற்கும் கடையொன்றில் பிஎஸ்4 ஸ்லிம் ஒன்றை 14,500 ரூபாய்க்கு வாங்கினேன். விளையாட்டின் வட்டு, அதுவும் பழையது, 1,100 ரூபாய். கடைக்காரர் கருவியைப் போட்டுக் காட்டினார், நீலத் திரை வந்தது, நானும் மகிழ்ந்துபோய்ப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். இங்கேயே முதல் தவறு. நீலத் திரை எல்லாக் கருவியிலும் வரும். வட்டை உள்ளே போட்டு, அரை மணி நேரமாவது அங்கேயே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். காற்றாடி எவ்வளவு இரைகிறது, கைப்பிடியின் (கன்ட்ரோலரின்) குச்சியைத் தொடாதபோதும் திரையில் ஏதாவது தானாக நகர்கிறதா, முன்னால் வைத்திருந்தவரின் கணக்கை முழுதாக நீக்கியிருக்கிறார்களா, இவற்றையெல்லாம் கடையிலேயே பார்த்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப்பாதையில் பஸ் ஏற ஏற, மடியில் பெட்டியைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் மாலை வேலை முடிந்து வந்து, குக்கரில் அரிசியைப் போட்டுவிட்டு, கருவியை இயக்கி வட்டைச் செருகினேன். வட்டை அடையாளம் காண முடியவில்லை என்று வந்தது. எடுத்துத் துடைத்துப் போட்டேன். அதே பதில். மூன்று நாள் மாலையும் அதே பதில். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவுகட்டி, அடுத்த ஞாயிறு மறுபடியும் கோயம்புத்தூர். அங்கே போட்டால், கண்ணான கருவியாக வட்டை உடனே படித்தது! அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. திரும்பி வந்தேன், அரவேணுவில் படிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வேறொரு பழுதுபார்க்கும் கடை. வட்டைப் படிக்கும் லென்ஸைச் சுத்தம் செய்ததாகச் சொல்லி 600 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மேலே வந்து இரண்டு நாள் வேலை செய்தது, மூன்றாம் நாள் மறுபடியும் அதே கதை. இரண்டு பயணத்துக்கும் சாப்பாட்டோடு சேர்த்து 950 ரூபாய். இரண்டு ஞாயிறும் போயின.

காரணத்தைக் கண்டுபிடித்தது நானல்ல, என் மூக்குக்கண்ணாடி. ஒரு மாலை குக்கரைத் திறந்தேன், ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. துடைத்துக்கொண்டே திரும்பினால் திரையில் அந்தப் பாழாய்ப்போன வாசகம். அப்போதுதான் உறைத்தது. கருவி இரவும் பகலும் சில்லென்ற சிமெண்டுத் தரையில் கிடக்கிறது. நான் மாலையில் வந்து, ஜன்னலை அடைத்து, சோறு வடித்து, வெந்நீர் வைத்து, அறை முழுக்க ஆவியாக்கிவிட்டு அதை இயக்குகிறேன். குளிர்ந்த பொருளின் மேல் ஈரக்காற்று பட்டால் நீர் பூக்கத்தான் செய்யும். என் கண்ணாடியில் பூத்தது உள்ளே இருக்கும் சின்ன லென்ஸிலும் பூத்திருக்கிறது. கோயம்புத்தூரின் காய்ந்த காற்றில் அது எப்படித் தெரியும்? சுத்தம் செய்தபின் ஓடிய இரண்டு நாளும், யோசித்துப் பார்த்தால், நான் தொழிற்சாலைக் கேன்டீனிலேயே சாப்பிட்டுவிட்டு வந்த நாட்கள்.

அதற்குப் பிறகு செய்ததைச் சொல்கிறேன். கருவியைத் தரையிலிருந்து எடுத்து, அடுப்புக்கு எதிர்ச்சுவரில் மர அலமாரித் தட்டில் வைத்தேன். சமையலின்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டேன். வட்டு இல்லாமல் கருவியை அரை மணி நேரம் இயக்கி, அதன் சொந்தச் சூட்டில் உள்ளே காயவிட்டு, பிறகு வட்டைப் போட்டேன். ஓடாத நேரத்தில் மேலே ஒரு பருத்தித் துணி; ஓடும்போது கட்டாயம் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் சூடு வெளியேற வழியில்லை. வட்டை வைக்கும் இடத்துக்குப் பாட்டி ஒரு வழி சொன்னார். அவருடைய பட்டுப்புடவை இருக்கும் மர பீரோவுக்குள் ஜீரோ வாட் பல்பு ஒன்று எப்போதும் எரியும், பூஞ்சை பிடிக்காமல் இருக்க. “உன் தட்டையும் கொண்டுவந்து வை கண்ணு,” என்றார். வைத்தேன்.

இணையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மூடுபனி நாட்களில் எங்கள் வீட்டில் கைபேசி அலைவரிசை வந்தால் உண்டு. அதனால் மலையில் இருப்பவர்கள் பதிவிறக்கும் விளையாட்டை வாங்காமல் வட்டாக வாங்குவது நல்லது. கருவியின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால், இணையம் நன்றாக உள்ள இடத்தில் ஒரு கணினியில் அந்தக் கோப்பை இறக்கி, பென் டிரைவில் போட்டு ஏற்றலாம். கோப்புறைகளின் பெயரை மட்டும் சோனி சொன்னபடியே ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் வைக்க வேண்டும்.

அக்டோபர் நடுவில் ஒருவழியாக விளையாட்டுக்குள் நுழைந்தேன். சிறுவன் ஒரு குகையில் கண்விழிக்கிறான், உடம்பில் எப்படி வந்தன என்று தெரியாத பச்சை குத்தியது போன்ற கோலங்கள். பக்கத்தில் அந்த விலங்கு, ட்ரிகோ, சங்கிலியில் கட்டுண்டு, உடம்பில் ஈட்டிகள் குத்தியபடி. ஈட்டியைப் பிடுங்கினால் வலியில் நம்மையே எற்றித் தள்ளுகிறது. தீனிப் பீப்பாயை எறிந்தால் முறைத்துப் பார்க்கிறது; நாம் கொஞ்சம் விலகி நின்றால்தான் தின்கிறது. முதல் ஒரு மணி நேரத்தில் நான் செய்த மொத்த வேலையும் அதற்குச் சோறு போட்டதுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏன் என்று கேட்காதீர்கள்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றுகிறவள் ஆவேன். மூலை முடுக்குகளில் பார்வைக் கோணம் தறிகெட்டுச் சுழலும். சில நேரம் திரை முழுக்க வெறும் இறகுதான் தெரியும். வெட்டவெளிக்கு வந்தால் படம் திக்கித் திக்கி ஓடும். சிறுவனின் கால் எண்ணெயில் நடப்பது போல வழுக்கும். கவசம் போட்ட சிலைகள் அவனைத் தூக்கிக்கொண்டு நீலக் கதவை நோக்கி நடக்கும்போது, எல்லாப் பொத்தானையும் வெறிபிடித்த மாதிரி அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அது விளையாட்டா தண்டனையா என்று தோன்றும். இந்தத் திக்கலுக்கு மட்டும் ஒரு மாற்று உண்டு, என்னிடம் அந்த வசதியில்லை: வட்டு போடும் வகை பிஎஸ்5 வைத்திருப்பவர்கள், திருத்தக் கோப்பை (பேட்ச்) ஏற்றாமல் வட்டில் உள்ளபடியே ஆடினால் விநாடிக்கு 60 படம்வரை வழவழவென்று ஓடும். திருத்தம் ஏறிவிட்டால் 30-இல் நின்றுவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே, ட்ரிகோ சொன்ன பேச்சைக் கேட்காது. மேலே தாவு என்று காட்டினால் கொட்டாவி விடும். வா என்றால் குட்டையில் முகம் பார்க்கும். நான் கைப்பிடியை அமுக்கியது போதாதென்று வாயாலும் கத்த ஆரம்பித்தேன். ஒன்பது மணிக்குப் பாட்டி கதவைத் தட்டினார், கையில் டார்ச். “யாரைத் திட்டுகிறாய் கண்ணு, உள்ளே யார் இருக்கிறார்கள்?” திரையைக் காட்டினேன். முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவர், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நீ எத்தனை தடவை கூப்பிடுகிறாய்? அதற்கு என்ன புரியும்?” என்றார். அவர் பசுவை மேய்ச்சலிலிருந்து அழைப்பதைத் தினமும் பார்க்கிறேன். வேலியோரம் நின்று “பா” என்று ஒருமுறை சொல்வார். பிறகு வெற்றிலையை மடிக்க ஆரம்பித்துவிடுவார். பசு தன் சௌகரியத்துக்கு வரும்.

அப்படியே செய்து பார்த்தேன். திசையை ஒருமுறை காட்டிவிட்டு, கைப்பிடியை மடியில் வைத்து, பத்து வரை எண்ணினேன். ட்ரிகோ காதை உயர்த்தியது, மேலே பார்த்தது, பின்னங்காலை ஊன்றி எம்பியது. நான் விடாமல் கட்டளையிட்டபோதெல்லாம், அது தொடங்கிய அசைவை நானே குலைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த விளையாட்டைப் பாதியில் தூக்கிப்போட்டவர்களில் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒரு கட்டளை, பிறகு பொறுமை. சண்டை முடிந்ததும் அதன் மேல் ஏறி ஈட்டிகளைப் பிடுங்கி, கழுத்தைத் தடவிக்கொடுங்கள். அதன் நடுக்கம் அடங்காமல் அடுத்த வேலைக்கு அவசரப்படுத்தாதீர்கள். வெள்ளம் நிறைந்த குகை ஒன்றில் அது நம்மை முதுகில் சுமந்துகொண்டு முக்குளிக்க வேண்டும். அங்கே இரண்டு இரவு செலவழித்தேன். மூன்றாம் இரவு கழுத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன், முங்கியது.

பாட்டி அதன் பிறகு வாரத்தில் மூன்று நாள் வந்தார். எனக்குத் தெரியாததை எல்லாம் அவர் கவனித்தார். கண்ணாடியில் வரைந்த கண்ணைப் பார்த்தால் ட்ரிகோ பயந்து நிற்கும்; அதைச் சிறுவன் போய் உடைக்க வேண்டும். “இவ்வளவு பெரிய உருவத்துக்குப் பயம், இந்தப் பொடியன் போய்த் தீர்க்கிறான்,” என்று சிரித்துக்கொண்டே இருந்தார்.

தீபாவளிக்கு ஊருக்குப் போக பஸ் டிக்கெட் எடுத்திருந்தேன். முந்தைய நாள் மலைப்பாதையில் மரமும் மண்ணும் சரிந்து போக்குவரத்து நின்றது. அம்மாவிடம் போனில் பேசிவிட்டு, வாங்கிவைத்த இனிப்பைப் பாட்டியோடு பங்கிட்டுக்கொண்டு, இரவு தனியாக உட்கார்ந்தேன். ஒரு கோபுர உச்சியில், கீழே மேகம், சிறுவன் விளிம்பிலிருந்து குதிக்கிறான், ட்ரிகோ பிடித்துவிட வேண்டும். குதித்தான். அந்த நொடி மின்சாரம் போனது, வந்தது, போனது, மறுபடி வந்தது, ஒரேயடியாகப் போனது. இருட்டில் நான் கைப்பிடியைப் பிடித்தபடியே இருந்தேன்.

காலையில் கருவி கதையைத் தொடவேயில்லை. பாதுகாப்பு முறைக்குப் போய்ப் பார்த்தேன்: மின்பொத்தானை இரண்டாவது ‘பீப்’ கேட்கும்வரை, ஏழு விநாடி போல, அமுக்கிப் பிடித்தால் அந்தப் பட்டியல் வரும், கைப்பிடியைக் கம்பி வழியாகத்தான் இணைக்க வேண்டும். அதில் தரவுத்தளத்தை மறுபடி கட்டும் (Rebuild Database) வழி ஒன்று இருக்கிறது, சேமித்தது எதையும் அழிக்காது. முதலில் அதைத்தான் முயல வேண்டும். எனக்கு அது பாதியில் நின்றது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. கோத்தகிரி கடைவீதியில் கணினி பழுதுபார்ப்பவர் ஒருவர் 2,400 ரூபாய்க்குப் புது டிஸ்க் போட்டு, கூலி 500 வாங்கினார். அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தபோது வயிறு எரிந்தது. பின்பக்க மூடியை நகர்த்தி, ஒரு திருகைக் கழற்றி, தட்டை உருவி, நான்கு திருகு. மடிக்கணினிக்குப் போடும் இரண்டரை அங்குல டிஸ்க்தான். நீங்களே செய்யலாம். புது டிஸ்க் என்றால் புதுப்பிக்கும் கோப்பு போதாது, முழு நிறுவல் கோப்பு வேண்டும். இரண்டும் வேறு வேறு, நான் முதலில் தவறானதை இறக்கி ஒரு நாளை வீணாக்கினேன்.

பயணம், லென்ஸ், டிஸ்க், கூலி எல்லாம் சேர்த்து வீணாய்ப் போனது 4,450 ரூபாய். அதன் பிறகுதான் 3,200 ரூபாய்க்கு 600 விஏ யுபிஎஸ் வாங்கினேன். கருவியையும் தொலைக்காட்சியையும் சேர்த்து என் வீட்டில் பத்து நிமிடம் தாங்குகிறது. சேமித்து ஒழுங்காக அணைக்க அது தாராளம். கருவி வாங்கும் அன்றே இதையும் வாங்கியிருந்தால் இந்தப் பத்தியே தேவையில்லை. இன்னொன்று, காசே செலவில்லாதது: விளையாட்டில் சேமித்ததை அமைப்புகளுக்குள் போய்ப் பென் டிரைவில் நகலெடுக்கலாம். மிகச் சின்னக் கோப்பு, ஒரு நிமிடம் ஆகாது. வாரம் ஒருமுறை செய்யுங்கள். நான் இப்போது பல் துலக்குகிற மாதிரி தினமும் செய்கிறேன்.

இரண்டு வாரம் கருவியைத் தொடவில்லை. 13 மணி நேரத்தை மறுபடி நடப்பதா என்ற வெறுப்பு. பாட்டிதான் கேட்டுக்கொண்டே இருந்தார், அந்தப் பையன் குதித்தானே, என்ன ஆயிற்று என்று. கார்த்திகை பிறந்ததும் முதலிலிருந்து தொடங்கினேன். குகை, சங்கிலி, ஈட்டி. இந்த முறை பீப்பாயை வைத்துவிட்டு நானாகவே விலகிப் போய்ச் சுவரோரம் நின்றேன், அது மெல்ல மோந்து பார்த்துத் தின்றது. முன்பு 13 மணி நேரம் எடுத்த தூரத்தை எட்டு மணி நேரத்தில் கடந்தேன், ஆனாலும் அங்கங்கே நின்று அது புறா மாதிரி இறகு கோதுவதைப் பார்த்துக்கொண்டிருக்க இப்போது நேரம் இருந்தது. ட்ரிகோ என்ற பெயருக்கு ஜப்பானிய மொழியில் சிறைப்பட்டவன் என்றும் பொருளாம், பறவைக்குஞ்சு என்றும் கொள்ளலாமாம், பறவையையும் பூனையையும் சேர்த்த சொல்லாகவும் எடுக்கலாமாம். அங்கே விளையாட்டின் தலைப்பே ‘ஆள்தின்னும் பெருங்கழுகு ட்ரிகோ’ என்ற பொருளில்தான். பாட்டியிடம் சொன்னேன். “ஆள் தின்னுமா? பீப்பாயையே நாலு தடவை மோந்துவிட்டுத்தான் தின்கிறது,” என்றார்.

டிசம்பர் மூன்றாம் வாரம், உறைபனி விழத் தொடங்கிய ஓர் இரவில் முடித்தோம். முடிவைச் சொல்ல மாட்டேன். பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சிறிது நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் தொழுவத்துக் கதவு திறக்கும் சத்தமும், பசுவிடம் அவர் படுக மொழியில் ஏதோ மெதுவாகப் பேசுவதும் கேட்டது. வட்டு இப்போதும் அவருடைய பீரோவில், ஜீரோ வாட் பல்புக்குக் கீழே, பட்டுப்புடவைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பொங்கல் முடிந்ததும் மறுபடியும் போடச் சொல்லியிருக்கிறார்.